மனு எழுதிய கை



கடந்த மாதம் வாசகி ஒருவர் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். “அக்கா, தம்பிக்காக இது ஏழாவது மனு. வாசிக்கிறார்களோ, குப்பைக்குள் போடுகிறார்களோ தெரியாது. இன்னும் எழுதத்தான் வேணுமா?” என்று கேட்டிருந்தார். உடனே பதில் எழுத எனக்கு வரவில்லை. தல்பீர் கவுர்தான் நினைவுக்கு வந்தார்.

இந்தியாவின் பஞ்சாபில், பாகிஸ்தான் எல்லைக்குக் கிட்ட உள்ள ஊர் பிக்கிவிண்ட். அங்கேயிருந்து தல்பீரின் தம்பி சரப்ஜித் சிங் 1990 ஆகஸ்டில் காணாமல் போனார். மூத்த மகள் சிறுமி, இளையவள் கைக்குழந்தை. பல மாதங்கள் கழிந்த பின்னரே அவர் பாகிஸ்தானில் சிறையில் இருப்பது வீட்டாருக்குத் தெரியவந்தது. உளவு பார்த்ததாகவும், 14 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகளை நடத்தியதாகவும் குற்றம் சாட்டி, 1991இல் மரண தண்டனை விதித்திருந்தார்கள். குண்டு வைத்தவர் மன்ஜித் சிங், என் தம்பி குடிபோதையில் எல்லை தாண்டிய விவசாயி, ஆள் மாறிவிட்டது என்று தல்பீர் கடைசிவரை சொன்னார். பாகிஸ்தான் நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. எது உண்மையென்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்த 14 பேருக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

கருணை மனுவில் ஒரு சங்கடம் இருக்கிறது. நீதிமன்றத்தில் “செய்யவில்லை” என்று வாதாடியவர்கள், ஜனாதிபதியிடம் “உயிரையாவது விடுங்கள்” என்று கேட்க வேண்டும். தல்பீர் இரண்டையும் செய்தார். 2008 மார்ச்சில் ஜனாதிபதி முஷாரப் மனுவை நிராகரித்தார். ஏப்ரல் 1 தூக்கு என்று நாளும் குறித்தாயிற்று. பிறகு அது ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஏப்ரலிலேயே மனைவியும் மகள்மாரும் தல்பீரும் லாகூர் சிறைக்குப் போய் அவரைப் பார்த்தார்கள். கைக்குழந்தையாக விட்டுப்போன மகளைத் தகப்பன் கம்பிக்கு அப்பால் நின்று பார்த்தார்.

அதே 2008 மார்ச்சில், உளவுக் குற்றத்துக்காக 35 வருடம் பாகிஸ்தான் சிறைகளில் கிடந்த காஷ்மீர் சிங் என்பவரை அதே முஷாரப் மன்னித்து வீட்டுக்கு அனுப்பினார். ஒரே மாதம், ஒரே கையெழுத்து அதிகாரம். ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்கு மூடியது. இதற்கு என்ன கணக்கு என்று நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன்.

என்னை மிகவும் வருத்தியது 2012 ஜூன் மாதச் சம்பவம். சரப்ஜித் விடுதலையாகிறார் என்று ஒருநாள் பின்னேரம் செய்தி வந்தது. பிக்கிவிண்டில் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினார்கள். சில மணி நேரத்தில், நடுச்சாமத்தோடு, விடுதலையாவது சரப்ஜித் அல்ல, சுர்ஜித் சிங் என்று அறிவித்தார்கள். இவரும் முப்பது வருடம் சிறையில் இருந்தவர்தான். அந்த இரவு ஒரு வீட்டில் சிரிப்பு, இன்னொரு வீட்டில் அழுகை. பெயர்ப்பட்டியல் ஒட்டும் இடங்களில் காத்து நின்ற உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

2013 ஏப்ரல் 26 அன்று சரப்ஜித்தைச் சிறைக்குள்ளேயே சக கைதிகள் தாக்கினார்கள். மே 2ஆம் திகதி இறந்தார். மறுநாள் ஜம்முவில் ஒரு பாகிஸ்தான் கைதியை இந்தியக் கைதி ஒருவர் அடித்தார். அவரும் மே 9இல் இறந்துபோனார். அந்த வீட்டிலும் ஒரு அக்காவோ தங்கையோ இருந்திருக்கக்கூடும். தல்பீர் 2022இல் காலமானார்.

தங்கச்சி, இந்தக் கதையைச் சொல்லி உங்களுக்கு ஆறுதல் தர முடியாது. ஆனாலும் இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தம்பி பெயரில்லாத கைதியாகப் போய்விடாமல் இருந்தது அக்காவின் கடிதங்களாலும் அலைச்சலாலும்தான். ஆகவே எட்டாவதையும் எழுதுங்கள். எங்கள் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை மன்னிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குத் தருகிறது. ஆனால் தண்டனை பெற்றவர்களுக்கே அது பொருந்தும். தம்பியின் வழக்கு முடிந்துவிட்டதா என்று முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள். மனுவில் வழக்கிலக்கத்தையும் திகதியையும் போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள். முந்திய ஏழின் பிரதிகளும் இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்திருந்து பார்ப்போம்.