நுரை குறைந்த தலைக்குளியல்

சுருட்டை முடி உள்ளவர்கள் பலர் இப்போது ஷாம்புவை நிறுத்திப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போகிறது. வறட்சி குறைகிறது, சுருள் கொஞ்சம் தெளிகிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் உச்சந்தலை அரிக்கத் தொடங்குகிறது. வகிட்டில் நகம் பட்டால் வெள்ளையாகப் பிசுக்கு வருகிறது. எண்ணெய் தேய்த்த தலையாகவும் இல்லாமல், குளித்த தலையாகவும் இல்லாமல் முடி கனத்துத் தொங்குகிறது. "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது" என்று மறுபடி பாட்டிலை எடுத்துவிடுகிறார்கள். ஷாம்புவை விட்டதில் தவறில்லை. அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு எதனிடமும் ஒப்படைக்காமல் விட்டதில்தான் கோளாறு.

அந்த வேலை என்ன? தலைத்தோலில் உள்ள சுரப்பிகள் ஓயாமல் ஒரு மெழுகுப்பதமான எண்ணெயைச் சுரக்கின்றன. அதோடு வியர்வை, தூசி, உதிர்ந்த தோல் எல்லாம் சேர்ந்து படிகிறது. வெறும் தண்ணீர் இதை முழுக்க எடுக்காது. ஒரு முனையில் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் தண்ணீரோடு போகக்கூடிய ஒரு பொருள் வேண்டும். ஷாம்புவில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் சோடியம் லாரில் சல்ஃபேட் அல்லது சோடியம் லாரெத் சல்ஃபேட். இரண்டும் நன்றாக நுரைக்கும், நன்றாகச் சுத்தம் செய்யும். சுருட்டை முடிக்கு வரும் தொல்லையும் அங்கிருந்துதான் வருகிறது.

நேர் முடி நேரான குழியிலிருந்து, ஏறக்குறைய வட்டமான குறுக்குவெட்டோடு வளர்கிறது. சுருட்டை முடியின் குழியே வளைந்திருக்கும். முடியை வெட்டிப் பார்த்தால் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர் முடியில் தானாகவும் சீப்போடும் நுனிவரை இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு திருப்பத்திலும் தடைப்பட்டு, வேருக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். அதனால் ஒரே தலையில் மண்டை பிசுபிசுவென்றும் நுனி வைக்கோலாகவும் இருக்கும். பலரும் இதை ஏதோ நோய் என்று நினைத்துக் கவலைப்படுகிறார்கள். சுருட்டை முடியின் இயல்பே இதுதான்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. தோளைத் தாண்டித் தொங்கும் நுனிக்கு இரண்டு மூன்று வயதாவது ஆகியிருக்கும். அத்தனை வெயிலும் அத்தனை சீப்பும் பட்ட, உயிரில்லாத இழை அது. தேய்ந்தால் தானே ஆறிக்கொள்ளாது. முடியின் மேற்பரப்பில் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய செதில்கள் உண்டு. அவை படிந்திருந்தால் முடி பளபளக்கும். தூக்கி நின்றால் பக்கத்து முடியோடு சிக்கும். சுருள் திரும்பும் இடங்களில் இந்தச் செதில்கள் எளிதாகத் தூக்கிக்கொள்கின்றன. இப்படிப்பட்ட முடியின் நீளம் முழுவதையும் வாரத்துக்கு மூன்று முறை நுரையில் ஊறவைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மண்டைக்குச் சுத்தம் வேண்டும், நீளத்துக்குக் காப்பு வேண்டும். எந்த முறையை எடுத்தாலும் இந்த இரண்டும் நடக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் சிகைக்கலைஞராக இருந்த லொரெய்ன் மேஸி 2001-ல் சுருட்டை முடிக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். சல்ஃபேட் ஷாம்புவை நிறுத்து, கண்டிஷனரைக் கொண்டே தலையை அலசு, சிலிகோன் கலந்ததைத் தொடாதே, உலர்ந்த முடியில் பிரஷ் போடாதே என்பதுதான் அதன் சாரம். கண்டிஷனரால் எப்படிச் சுத்தம் செய்ய முடியும் என்று கேட்கலாம். அதிலும் எண்ணெயைப் பிடிக்கும் பொருள் இருக்கிறது, மென்மையானது, அவ்வளவுதான். மேஸி சொன்னதில் பலர் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: கண்டிஷனரை மண்டையில் போட்டால் விரல் நுனிகளால் நிமிடக்கணக்கில் தேய்க்க வேண்டும். நுரை செய்யாத வேலையை விரல் செய்ய வேண்டும். தடவிவிட்டு அலசினால் பிசுக்கு அப்படியே இருக்கும்.

சிலிகோன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். பாட்டிலின் பின்பக்கப் பட்டியலில் டைமெதிகோன் போன்ற பெயர்களைப் பார்க்கலாம். முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து வழவழப்புத் தரும். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பெரும்பாலான சிலிகோன்கள் தண்ணீரில் கரையாது. எடுக்க வலுவான ஷாம்பு வேண்டும். ஷாம்புவை நிறுத்திவிட்டுச் சிலிகோன் உள்ள கண்டிஷனரையும் சீரத்தையும் தொடர்ந்து போட்டால், படலத்தின்மேல் படலமாக ஏறிக்கொண்டே போகும். விட்டால் இரண்டையும் சேர்த்து விட வேண்டும். ஷாம்புவை நிறுத்தும் நாளுக்கு முன், பழைய படலம் போவதற்காகக் கடைசியாக ஒரு முறை நன்றாக ஷாம்பு போட்டு அலசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஷாம்புவுக்குப் பதிலாக எண்ணெயை எடுக்கும் பொருளை நம் ஊரில் புதிதாகத் தேட வேண்டியதில்லை. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உசிலை இலையை இடித்த அரப்பிலும் சாபோனின் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீரில் லேசாக நுரைத்து எண்ணெயை எடுத்துப்போவது அதுதான். ஒரு தலைமுறைக்கு முன்வரை வெள்ளிக்கிழமை தலைமுழுக்குக்கு இவைதான். பிறகு கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய தொழில் சிக் ஷாம்புவைப் பெட்டிக்கடைவரை கொண்டுபோனது. சில்லறைக் காசுக்கு ஒரு குளியல் என்பது ஏழை வீடுகளுக்கு உண்மையிலேயே பெரிய வசதி; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீயக்காய் போனபோது அதைப் பக்குவமாகப் பயன்படுத்தும் கைப்பழக்கமும் கூடவே போய்விட்டது. இன்று திரும்பி வருகிறவர்கள் கடையில் தூளை வாங்கி, குழைத்து, அப்படியே தலையில் அப்பிக்கொள்கிறார்கள். நேர் முடியில் அந்தத் தூள் அலசலில் போய்விடும். சுருளுக்குள் திப்பி மாட்டிக்கொண்டால் இரண்டு நாளைக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். அதை எடுக்கத் தேய்ப்பதிலேயே பாதி முடி அறுந்துவிடும்.

சுருட்டை முடிக்குத் தூள் வேண்டாம், சாறு போதும். ஐந்தாறு சீயக்காயை உடைத்துக் கொட்டையை எடுத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி வெந்தயத்தோடு இரண்டு டம்ளர் தண்ணீரில் இரவே ஊறப்போடுங்கள். காலையில் சிறு தீயில் பத்து நிமிடம் கொதித்தால் தண்ணீர் பழுப்பாகி, வெந்தயத்தால் சற்றே கொழகொழப்பாகும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். தலையை முதலில் நனைத்துக்கொண்டு, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சாறு மண்டையில் படும்படி ஊற்றி விரலால் தேய்க்க வேண்டும். முடியை உச்சியில் குவித்துப் பந்தாகக் கசக்கக் கூடாது. சுருள் முடி அப்படித்தான் சடை பிடிக்கிறது. நீளத்துக்கு, மண்டையிலிருந்து வழிந்து இறங்குவதே போதும். கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கண்ணில் பட்டால் எரியும் எரிச்சல் லேசானதல்ல.

சிலருக்குச் சீயக்காய் மட்டும் போட்டால் முடி முரடாகிவிடும். அவர்களுக்கு அரப்பு நல்லது. வடித்த கஞ்சியில் அரப்புத் தூளைக் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்து, அதையும் துணியில் பிழிந்து எடுத்துக்கொள்ளலாம். செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த கொழகொழப்பையும் சேர்த்துக்கொண்டால் சிக்கு எடுப்பது எளிது. இந்தக் கொழகொழப்புத்தான் இங்கே கண்டிஷனரின் வேலையைச் செய்கிறது. கடையில் "சீயக்காய் ஷாம்பு" என்று விற்கும் பாட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை: பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அளவில் அதிகமான பொருள் பட்டியலில் முன்னால் வரும். பெரும்பாலான பாட்டில்களில் தண்ணீருக்கு அடுத்து நிற்பது அதே சல்ஃபேட்தான்.

எண்ணெய் விஷயத்தில் நம் பழக்கம் பெரிதும் சரியானது. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது. குளிக்கும் முன் தேய்த்தால் முடியின் புரத இழப்பு குறைகிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயிலும் கனிம எண்ணெயிலும் அந்தப் பலன் இல்லை என்றும் 2003-ல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் வழிய வழியத் தேய்த்துவிட்டு வெறும் கண்டிஷனரில் அலசினால் போகாது, அன்றைக்குச் சீயக்காய்தான். கண்டிஷனர் முறையைப் பின்பற்றுகிறவர்கள் நீளத்துக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

முடியை அலசிய பிறகு நடப்பது அலசியதற்கு இணையாக முக்கியம். சுருட்டை முடியை உலர்ந்த பின் சீவினால் சுருள்கள் பிரிந்து பம்மென்று நிற்கும். வீட்டில் "பரட்டை" என்று திட்டு வாங்குகிற பிள்ளைகளில் பாதிப்பேருடைய தலையில் இருப்பது நல்ல சுருட்டை முடி. உலர்ந்தபோது சீவியதால் கலைந்தது. அந்தப் பிள்ளையைத் திட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். முடி ஈரமாக, வழுவழுப்போடு இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள். டர்க்கி டவல் வேண்டாம். அதன் கண்ணிகள் செதில்களைத் தூக்கிவிடும். நம் ஈரிழைத் துண்டு இதற்கென்றே நெய்ததுபோல அமைந்தது. அதில் முடியைக் கீழிருந்து அள்ளி ஒத்தி எடுத்தால் போதும், துவட்டக் கூடாது. சுருள் கலையாமல் நிற்க வேண்டுமானால் ஆளி விதை இரண்டு கரண்டியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கரண்டியைத் தூக்கினால் இழை இழையாகத் தொங்கும் பதத்தில் இறக்கி, சூடு ஆறுமுன்னே வடிகட்டுங்கள். ஆறிவிட்டால் துணியை விட்டு இறங்காது. ஈர முடியில் தடவிக் கசக்கி விட்டுக் காயவிட்டால் கடையில் வாங்கும் ஜெல்லுக்குக் குறைந்ததல்ல. ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ஷாம்புவுக்குப் பதில் என்று சொல்லப்படும் சில பொருள்களைத் தொடவே வேண்டாம். சமையல் சோடா காரம். செதில்களைத் தூக்கி முடியை உப்பவைத்துவிடும். குளியல் சோப்பும் காரம்தான். போதாததற்கு, போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்போடு சேர்ந்து முடியில் மாவாகப் படியும். எலுமிச்சைச் சாற்றை நேராகத் தேய்ப்பது மறுபக்கத்துத் தவறு. அமிலம் அதிகம், தலைத்தோல் எரியும்.

சொல்லிச் சொல்லி உண்மையாகிப்போன இரண்டு பேச்சுகளையும் தெளிவுபடுத்த வேண்டும். "நிறுத்தினால் முதலில் பிசுக்கு வரும், பிறகு தலை பழகி எண்ணெய் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும்" என்பார்கள். எண்ணெய் சுரப்பை முக்கியமாக நிர்ணயிப்பவை ஹார்மோன்கள். எத்தனை முறை குளிக்கிறோம் என்பது சுரப்பிக்குத் தெரியாது. பிசுக்கைப் பொறுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதில் பலனில்லை. இன்னொன்று, சல்ஃபேட் விஷம், புற்றுநோய் தரும் என்ற பயம். அது கடுமையாகச் சுத்தம் செய்யும் பொருள், சிலருக்குத் தோலை உறுத்தும், சுருட்டை முடியை வறட்டும். அதற்கு மேல் அதன்மேல் பழி போட ஆதாரம் இல்லை. எண்ணெய்த் தலைக்கு மாதம் ஒரு முறை ஷாம்பு போட்டுவிட்டு மற்ற வாரங்களில் சீயக்காய்ச் சாற்றில் குளிக்கிறவர்கள் எந்த விரதத்தையும் முறித்துவிடவில்லை. என்னைக் கேட்டால் பெரும்பாலான சுருட்டை முடிக்கு அதுதான் ஏற்ற வழி என்பேன்.

பொடுகு இருக்கிறவர்கள் மட்டும் இதில் இறங்குவதற்கு முன் நின்று யோசிக்க வேண்டும். பொடுகில் பங்கு உள்ள மலசீசியா என்ற பூஞ்சை தலையின் எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது. எண்ணெய் தேய்த்தால் பொடுகு படிந்து மறைகிறது, குறைவதில்லை. அவர்களுக்குக் கீட்டோகொனசோல் கலந்த ஷாம்பு அழகுப் பொருள் அல்ல, மருந்து. அதை மண்டையில் மட்டும் போட்டு, சொன்ன நேரம் விட்டு அலசலாம். அதற்கு முன் நீளத்துக்குக் கண்டிஷனரைத் தடவி வைத்துக்கொண்டால் சுருள் காய்ந்துபோகாது. தோல் தடித்துச் செதில் செதிலாக உரிந்தாலோ, வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ, சீழ் வைத்தாலோ, சீயக்காயையும் ஷாம்புவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.