விஞ்ஞானிக்கு எண்ணிக்கைதான் யோக்கியதையா?

விஞ்ஞானத்தில் ஒருவர் சொல்லுவதை அவர் பெரியவர் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்றும், அவர் காட்டும் ருஜுவைப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் எல்லோரும் சொல்லுகின்றார்கள். ஆனால் அந்த விஞ்ஞானிகளுக்கு உத்தியோகம் கொடுக்கும் இடத்தில் நடப்பதோ வேறுவிதமாயிருக்கின்றது. ஒருவர் எத்தனை கட்டுரை அச்சிட்டார், மற்றவர்கள் அவற்றை எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்கின்ற இரண்டு கணக்குமே அங்கே பெரும்பாலும் யோக்கியதாபத்திரமாகப் பாவிக்கப்படுகின்றன.

இதற்கென்று 2005-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவிலுள்ள ஹிர்ஷ் என்னும் பௌதிக சாஸ்திரி ஒரு அளவுகோலும் செய்து கொடுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய மதிப்பு 20 என்பது அதன் கணக்கு. அப்படியானால் பத்தே கட்டுரை எழுதினவர், உலகத்தையே புரட்டும்படி எழுதியிருந்தாலும், அவர் மதிப்பு பத்துக்குமேல் ஏறாது!

எடின்பரோ சர்வகலாசாலையிலிருந்த பீட்டர் ஹிக்ஸ் என்பவரை எடுத்துக் கொள்வோம். அணுவினும் நுண்ணிய துகள்களுக்கு நிறை எப்படி ஏற்படக்கூடும் என்பதைப் பற்றி 1964-இல் அவர் இரண்டு சிறு கட்டுரைகள் எழுதினார். இரண்டாவதை முதலில் அனுப்பிய பத்திரிகை போட மறுத்துவிட்டது. அவர் அதில் சில வரிகள் சேர்த்து, இன்னவிதமான புதுத் துகள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று காட்டி, அமெரிக்கப் பத்திரிகையில் வெளியிட்டார். அதே வருஷத்தில் பெல்ஜியத்தில் இருவரும், வேறு மூவரும் தனித்தனியே அதே வழியில் எழுதியிருந்தார்கள். அத்துகள் அகப்பட்டதாக ஜெனிவாவிலுள்ள செர்ன் ஸ்தாபனத்தார் தெரிவித்தது 2012 ஜூலை 4-இல். நாற்பத்தெட்டு வருஷம் சென்றது.

1964-க்குப் பிறகு ஹிக்ஸ் எழுதியது பத்துக் கட்டுரைக்கும் குறைவு. சமீபத்தில் எழுதியவற்றுக்கு ஜாபிதா அனுப்பும்படி இலாகாவார் கேட்டால், "ஒன்றுமில்லை" என்று பதில் எழுதிவிடுவாராம். 1980-இல் நோபெல் பரிசுக்குத் தம் பெயர் சொல்லப்படாதிருந்தால் தம்மை வேலையினின்று நீக்கியிருப்பார்கள் என்றும், இக்காலத்தில் தமக்கு உத்தியோகமே கிடைத்திராது என்றும், பரிசு கிடைத்த 2013-ஆம் வருஷத்தில் அவரே ஒரு லண்டன் பத்திரிகைக்குச் சொன்னார். (அந்தத் துகளுக்குக் "கடவுள் துகள்" என்று புத்தக வியாபாரத்தில் பெயர் கட்டிவிட்டார்கள். 2024-இல் காலமான ஹிக்ஸோ கடவுள் நம்பிக்கையில்லாதவர். அப்பெயர் அவருக்குப் பிடிக்கவேயில்லை.)

ஸ்டீவன் வைன்பெர்க் 1967-இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையின் கதையும் அப்படித்தான். நாலு வருஷம் அதை ஏறெடுத்துப் பார்த்தவர் மிகச் சொற்பம். 1971-இல் ஹாலந்து மாணவர் ஒருவர் அம்மாதிரிக் கொள்கையில் கணக்குப் பிசகாது என்று ருஜுப்படுத்தினார். அப்புறம் மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1979-இல் நோபெல் பரிசும் வந்தது. 1970-இல் ஒரு கமிட்டியார் எண்ணிப் பார்த்திருந்தால் அக்கட்டுரைக்கு என்ன மார்க்குக் கொடுத்திருப்பார்கள்? அதில் ஒரு எழுத்தாவது பிறகு மாறிற்றா?

மறுபக்கத்தையும் பாருங்கள். 2015 டிசம்பரில் செர்ன் ஸ்தாபனத்து இரண்டு கருவிகளில் ஏதோ புதுத் துகளின் சாயல் தெரிவதாகச் சொல்லப்பட்டது. உடனே அதற்கு வியாக்கியானமாக 500-க்கு மேற்பட்ட கட்டுரைகள் கிளம்பின. ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டார்கள். 2016 ஆகஸ்டில் அதிகப்படியான கணக்கு வந்தபோது, துகளும் இல்லை, சாயலும் இல்லை! ஆனால் மேற்கோள் எண்ணிக்கை மாத்திரம் அவரவர் பேரில் வரவாகவே நிற்கின்றது. யூகம் செய்ததைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. அதை வரவு வைத்துச் சம்பளம் நிர்ணயிப்பதைத்தான் கேட்கின்றோம்.

2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வந்த ஒரு கட்டுரையில் கையெழுத்திட்டவர்கள் 5154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் ஸ்தாபனங்களுந்தான். அவ்வளவு பெரிய யந்திரத்தை அத்தனை பேர் பாடுபட்டுத்தான் நடத்த முடியும். பெயர் போட்டது நியாயமே. ஆனால் அவர்களில் யார் என்ன செய்தார் என்பதை எந்த எண் சொல்லும்?

எண்ணிக்கை இல்லாவிட்டால் சிபார்சும் முகத்தாட்சணியமும் புகுந்துவிடும் என்று சிலர் சொல்லுகின்றார்கள். அந்தப் பயம் வீண் பயமல்ல. பெரிய மனிதரைத் தெரியாத வாலிபனுக்கு அச்சான கணக்கு ஒரு துணைதான். ஆனால் சிபார்சுக்குப் பயந்து படிப்பதையே விட்டுவிடுவதா? அளவுகோலைச் செய்த ஹிர்ஷே 2020-இல், அது படுமோசமாகத் தவறிப்போகவும் கூடும் என்று எழுதிவிட்டார். ஆகவே வேலை கொடுக்கும் கமிட்டியார் ஒவ்வொரு விண்ணப்பக்காரனிடமும் அவனுடைய சிறந்த கட்டுரைகள் இரண்டை மட்டும் கேட்டு வாங்கி, அவற்றை உட்கார்ந்து வாசித்துவிட்டு, தாங்கள் கண்ட குணதோஷத்தை எழுதிக் கையெழுத்திடட்டும். வைன்பெர்க் எழுதியது மூன்றே பக்கம்.