வாகை யாருக்கு உரியது?

வாகைத் திணையை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் ஒருவராவது இக்கேள்வியை எழுப்பிவிடுகிறார்: "போரிட்டவன் மறவன், பாடப்பட்டவன் மன்னன். அப்படியானால் வெற்றி யாருடையது, ஐயா?" தொல்காப்பியர் வாகையைப் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை, அவரவர் தத்தம் கூற்றில் மேம்பட்டு நிற்றலையும் வாகை என்றே கொண்டார் என்று நாம் விடை கூறுவதுண்டு. அவ்விடை சரியானதே. எனினும் அதன் முழுப்பொருளை நமக்கு உணர்த்தியது, பாடத்திட்டத்தில் இடம்பெறாத வேறொரு வரலாறு. அது 1955ஆம் ஆண்டில் நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த ஒரு பேஸ்பால் அணி சூடிய வாகையின் வரலாறு.

கிரிக்கெட்டில் ஊறிய நமக்குப் பேஸ்பால் சற்று அந்நியமானதுதான். பந்தை அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் மறு அணியின் முறை. இவ்வாறு ஒன்பது இன்னிங்ஸ். அமெரிக்காவின் இரு பெரும் லீகுகளில் முதலிடம் பெறும் அணிகள் இலையுதிர்காலத்தில் 'உலகத் தொடர்' என்னும் இறுதிப் போட்டியில் மோதும். ஏழு ஆட்டங்களில் நான்கை வென்ற அணிக்கே பட்டம். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே செல்லலாம்.

புரூக்ளின் 1898 வரை தனி நகரமாக இருந்தது. நியூயார்க்கோடு இணைக்கப்பட்ட பின் அதற்கென்று எஞ்சிய தனி அடையாளங்களுள் பேஸ்பால் அணி முதன்மையானது. மின்சார டிராம் வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிய அத்தெருக்களில், வண்டிக்கு விலகித் தப்பி நடந்த மக்களைக் கேலியாகக் குறித்த சொல்லிலிருந்தே 'டாட்ஜர்ஸ்' என்ற பெயர் அணிக்கு வாய்த்தது. 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 என ஏழு முறை அவ்வணி உலகத் தொடர்வரை சென்று ஏழு முறையும் தோற்றது. அவற்றுள் பிந்திய ஐந்து தோல்விகளும் அதே மாநகரின் செல்வாக்கு மிக்க யாங்கீஸ் அணியிடம். "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்பதே புரூக்ளின் மக்களின் வாய்மொழியாயிற்று.

தோற்றுக்கொண்டிருந்த அக்காலத்திலேயே அவ்வணி பட்டத்தினும் பெரிய செயலொன்றைச் செய்திருந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீகுகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒதுக்கிவைத்திருந்த சுவர் அன்று இடிந்தது. ராய் கம்பனெல்லா, டான் நியூகோம் முதலியோர் அவ்வழியே வந்தனர். யாங்கீஸ் அணி தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரான எல்ஸ்டன் ஹவர்டைக் களமிறக்க 1955 வரை ஆயிற்று.

அந்த 1955ஆம் ஆண்டில் புரூக்ளின் முதல் பத்து ஆட்டங்களையும் வென்று தொடங்கியது. முதல் 24 ஆட்டங்களில் 22 வெற்றிகள். செப்டம்பர் 8ஆம் நாளே லீக் முதலிடம் உறுதியாயிற்று. நியூகோம் 20 வெற்றிகள் ஈட்டிய பந்தெறிபவர்; டியூக் ஸ்னைடர் 42 ஹோம் ரன்கள் அடித்தார்; பந்துபிடிப்பவரான கம்பனெல்லா லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை மூன்றாம் முறையாகப் பெற்றார். உலகத் தொடரில் எதிரில் நின்றது மீண்டும் யாங்கீஸ். முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. அதற்கு முன் ஏழு ஆட்டத் தொடரில் அவ்வாறு தொடங்கிய எவ்வணியும் பட்டம் வென்றதில்லை. புரூக்ளின் தன் சொந்த மைதானமான எபெட்ஸ் திடலில் அடுத்த மூன்றையும் வென்றது. ஆறாவதில் வீழ்ந்தது.

அக்டோபர் 4, ஏழாவது ஆட்டம். பந்தெறிந்தவர் ஜானி பாட்ரஸ். வயது 23. அப்பருவத்தில் அவர் வென்ற ஆட்டங்கள் 9, தோற்றவை 10. கில் ஹாட்ஜஸ் ஈட்டித் தந்த இரண்டு ஓட்டங்களோடு ஆறாம் இன்னிங்ஸில் புரூக்ளின் முன்னணியில் நிற்க, யாங்கீஸ் இருவரைத் தளங்களில் நிறுத்திவிட்டது, ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. யோகி பெரா அடித்த பந்து இடப்புற எல்லைக்கோட்டை நோக்கிப் பறந்தது. அந்த இன்னிங்ஸில்தான் அங்கு நிறுத்தப்பட்டிருந்த கியூபாவின் சாண்டி அமோரோஸ் நெடுந்தொலைவு ஓடி, நீட்டிய வலக்கையுறையில் அதை ஏந்தினார். அவர் இடக்கை ஆட்டக்காரர், அதனால் கையுறை வலக்கையில் இருந்தது. இடக்கையில் இருந்திருந்தால் எட்டியிருக்காது. எறிந்த பந்து ரீஸ் வழியாக ஹாட்ஜஸிடம் சேர, தளத்தை விட்டு ஓடியிருந்த மற்றொருவரும் ஆட்டமிழந்தார். ராபின்சன் அன்று ஆடவில்லை. அவர் திறந்த வாயில் வழியே வந்த ஒருவர் அணியைக் காத்தார்.

இறுதியில் எல்ஸ்டன் ஹவர்ட் அடித்த பந்து பீ வீ ரீஸிடம் உருண்டு வந்தது. 1941 முதல் யாங்கீஸிடம் பெற்ற ஐந்து தோல்விகளிலும் ஆடியிருந்தவர் ரீஸ். அவர் எறிந்தார், ஹாட்ஜஸ் பிடித்தார், 2-0. புரூக்ளினின் தெருக்கள் இரவெல்லாம் உறங்கவில்லை.

இக்கதையை இவ்வளவோடு நிறுத்துவோரே மிகுதி. நாம் நிறுத்த விரும்பவில்லை. அணி முதலிடத்தில் நின்ற அதே பருவத்தின் ஆகஸ்ட் மாதத்தில், உரிமையாளர் வால்டர் ஓ'மாலி ஓர் அறிவிப்புச் செய்திருந்தார்: அடுத்த ஆண்டு சில ஆட்டங்கள் புரூக்ளினில் நடைபெறா, அண்டை மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் நடைபெறும். வாகை சூடுமுன்னரே பிரிவின் முதற்குறி தோன்றிவிட்டது. 1957 செப்டம்பர் 24 அன்று எபெட்ஸ் திடலில் கடைசி ஆட்டம். வந்திருந்தோர் 6,702 பேர். அடுத்த ஆண்டு அணி லாஸ் ஏஞ்சலஸ் அணியாயிற்று. 1960இல் திடல் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

உரிமையாளர் ஒருவரையே கொடியவராகக் காட்டுவது எளிது, அது நேர்மையாகாது. 1913இல் திறக்கப்பட்ட திடல் பழுதுற்றிருந்தது. மகிழுந்து நிறுத்த இடமில்லை. பட்டம் வென்ற 1955இலேயே அங்கு வந்தோர் பத்து லட்சத்தைச் சற்றே கடந்தனர். மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்திருந்த பிரேவ்ஸ் அணிக்கோ இருபது லட்சம் பேர் வந்துகொண்டிருந்தனர். புரூக்ளினிலேயே வேறோர் இடத்தில் தம் செலவில் அரங்கம் கட்ட அவர் நிலம் கோரினார். நகரின் கட்டுமான அதிகாரங்களைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்துவிட்டார். ஆனால் அணி நட்டத்தில் இயங்கவில்லை. போகாவிட்டால் அழிந்துவிடும் என்ற நிலையும் இல்லை. இருந்ததைவிடப் பெரிதான வருவாய் வேறிடத்தில் காத்திருந்தது, அவ்வளவே.

சென்ற இடத்திலும் சிலர் இழந்தனர். லாஸ் ஏஞ்சலஸின் சாவேஸ் ரவீன் பகுதியில் மெக்சிகோ வழிவந்த ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்தன. பொதுக் குடியிருப்பு கட்டுவதாகச் சொல்லி 1950 முதல் அவர்களை நகர நிர்வாகம் வெளியேற்றியது. அத்திட்டம் கைவிடப்பட்டது, நிலம் பேஸ்பால் அணிக்குச் சென்றது. எஞ்சியிருந்தோரை 1959 மே மாதத்தில் காவலர்கள் அப்புறப்படுத்தினர். 1962இல் அங்கே புதிய அரங்கம் திறக்கப்பட்டது. ஓர் ஊர் அணியை இழந்தது. மற்றோர் ஊரின் எளியோர் மண்ணையே இழந்தனர்.

சட்டம் என்ன சொல்லிற்று? பேஸ்பால் ஆட்டங்கள் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் ஆகா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இல் தீர்ப்பளித்து, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து அவ்வாட்டத்திற்கு விலக்களித்தது. 1953இல் அதை மீண்டும் உறுதி செய்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரைத் தன்னிடமே பிணைத்துவைக்கும் உரிமை அணிக்கு இருந்தது. அப்பிடி 1975இல்தான் தளர்ந்தது. 1956 டிசம்பரில் ராபின்சனையே போட்டி அணிக்கு மாற்றிக் கொடுத்தனர். அவர் போகவில்லை, ஆட்டத்தை விட்டே விலகினார். ஆக, ஆட்டக்காரர் தம் விருப்பில் இடம்பெயர முடியாது. ரசிகர் தம் தெருவைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பெயர உரிமையுள்ளவர் உரிமையாளர் ஒருவரே. வணிகமல்ல என்று நீதிமன்றம் சொன்ன ஒன்றை வணிகர் ஒருவர் மூட்டை கட்டி எடுத்துச் சென்றார்.

"முதலிட்டவர் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாமே" என்று நண்பர்கள் வாதிடக்கூடும். ஒரு சோப்புத் தொழிற்சாலைக்கு அவ்வாதம் பொருந்தலாம். சோப்பை யாரும் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாற்றுவதில்லை. அணியின் மதிப்பில் பெரும்பகுதி, தோற்ற ஆண்டுகளிலும் விட்டகலாத மக்கள் சேர்த்துவைத்தது. அதற்குப் பங்குப் பத்திரம் இல்லை என்பதே குறை. அக்குறை தீர்க்க முடியாததும் அன்று. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ் என்னும் அணி பொதுமக்கள் வாங்கிய பங்குகளால் இயங்குகிறது. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் பங்குதாரர்கள். ஒரு லட்சம் அளவிலான மக்கள்தொகை கொண்ட சிற்றூர். எனினும் அவ்வணியை எவரும் பெயர்த்துச் செல்ல இயலவில்லை. ஊருக்குப் பங்களிக்கும் இவ்வழியே நேரியது என்பது நம் கருத்து.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் உலகத் தொடரை வென்றது. அவ்வணி தன் பட்டங்களை எண்ணும்போது முதலாவதாக 1955ஐயே எண்ணுகிறது. ஏட்டளவில் அது சரி. ஆனால் அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மாணவரின் கேள்விக்கு இப்போது நாம் சொல்லும் விடை இதுதான். பாட்ரஸ் எறிவதில் மேம்பட்டார், அமோரோஸ் ஓடிப் பிடிப்பதில் மேம்பட்டார். புரூக்ளின் மக்களின் கூறு காத்திருத்தல். ஏழு தோல்விகளுக்குப் பின்னும் அடுத்த ஆண்டை நம்பினார்களே, அதில் அவர்களை விஞ்சியவர் இல்லை. அந்த வாகை அவர்களுடையது. இரண்டே ஆண்டுகளில் அவர்களைக் கையறுநிலைக்கு ஆளாக்கிய எந்தப் பத்திரமும் அதை அவர்களிடமிருந்து எழுதி வாங்கவில்லை.