அடுப்படியும் தறியும் காத்தவை



மாயா மக்கள் என்றதும் காட்டுக்குள் இடிந்து கிடக்கும் கற்கோபுரங்கள்தாம் பலருக்கு நினைவில் வரும். அந்த இனமே அழிந்துவிட்டது என்று எண்ணுவோரும் உண்டு. அது உண்மையல்ல. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில் மாத்திரம், 2018 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, 60 இலட்சத்துக்கும் அதிகமான மாயா மக்கள் வாழ்கிறார்கள். அங்கே 22 மாயா மொழிகள் வழங்குகின்றன. பக்கத்து நாடான மெக்சிகோவின் தெற்கிலும் பெருந்தொகையினர் உள்ளனர்.

1524 இல் ஸ்பானியர் படையெடுத்து வந்தார்கள். ஆட்சி போனது, நிலம் போனது, மதமும் மாற்றப்பட்டது. அப்படியிருந்தும் இவர்கள் இன்றும் தனி மக்களாக நிலைத்திருப்பது எப்படி? பதிலைக் கோபுரத்தில் தேடாதீர்கள்; அடுப்படியில் தேடுங்கள்.

முதல் மனிதர் களிமண்ணாலும் பின்பு மரத்தாலும் செய்யப்பட்டுச் சரிவராமல், கடைசியில் சோளமாவினால் உருவாக்கப்பட்டார்கள் என்பது 'போபோல் வூ' என்ற அவர்களது பழைய நூல் கூறும் நம்பிக்கை. நமது கொள்கை அதுவல்ல. ஆனாலும் அந்த நம்பிக்கை அவர்களின் வீட்டுக்குள் எப்படி வாழ்கிறது என்று பாருங்கள். சோளம் அவர்களுக்கு வெறும் உணவல்ல, தங்கள் உடம்பே அதுதான். சுண்ணாம்பு நீரில் அவித்து ஊறவைத்த சோளத்தை, விடியுமுன் எழும்பும் தாய் கழுவி அரைக்கிறாள். முன்பு அம்மி போன்ற கல்லில் அரைத்தார்கள். இன்று பல ஊர்களில் மில் வந்துவிட்டது. பின்பு மாவைக் கையால் தட்டி ரொட்டி சுடுகிறாள்.

சுண்ணாம்பு ஏன் என்று கேட்பீர்கள். சோளத்திலுள்ள நியாசின் என்ற விற்றமின் உடம்பில் சேர அது வழிசெய்கிறது. சோளத்தை மட்டும் கொண்டுபோய், இந்தப் பெண்களின் கைப்பக்குவத்தைக் கற்காமல் விட்ட ஐரோப்பாவில், ஏழைகளைப் 'பெலாக்ரா' என்ற நோய் வாட்டியது.

நாட்கணக்கும் அப்படித்தான். 20 நாட்பெயர்களும் 13 எண்களும் சேர்ந்த 260 நாள் கணக்கை, குவாத்தமாலாவின் மலைநாட்டில் 'நாள் காப்போர்' இன்றும் தவறாமல் எண்ணி வருகிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. அந்தக் கணக்குத் தாய் வயிற்றில் பிள்ளை இருக்கும் காலத்தைக் குறிக்கும் என்பார்கள்.

இன்று மாயா மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லது சுவிசேஷ சபையினர். மெக்சிகோவின் சான் ஹுவான் சமூலா ஊரில், தேவாலயத்தினுள் ஆசனங்கள் இல்லை. தரையில் பைன் இலை பரப்பி, மெழுகுதிரி ஏற்றி, சோட்சில் என்ற தம் மொழியிலேயே வேண்டுகிறார்கள். அதே ஊரிலிருந்துதான், சுவிசேஷ சபைகளில் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் 1970களிலிருந்து விரட்டப்பட்டார்கள். கொள்கை வேறுபட்டதற்காக அயலவரை வீட்டைவிட்டுத் துரத்துவது எங்கு நடந்தாலும் அநியாயமே. அவர்கள் சான் கிறிஸ்தோபல் நகரின் ஓரங்களில் குடியேறினார்கள். 1990களில் அந்த நகரில் சில சோட்சில் குடும்பங்கள் இஸ்லாத்தையும் தழுவின. அவர்களது வீடுகளில் பேசுவது இன்றும் சோட்சில்தான். அடுப்பில் வேகுவது சோள ரொட்டிதான்.

அடுத்தது தறி. ஒரு முனையை மரத்திலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டி, ஒரு சட்டையை வாரக்கணக்காக, சிலவேளை மாதக்கணக்காக நெய்கிறார்கள். அதன் பூவேலையைப் பார்த்தே அந்தப் பெண் எந்த ஊரவள் என்று சொல்லிவிடலாம்.

அந்த அடையாளமே ஒரு காலத்தில் ஆபத்தாகியது. குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போர் 1960 முதல் 1996 வரை நீடித்தது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என்றும், அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதமானோர் மாயா மக்கள் என்றும் உண்மை அறியும் ஆணைக்குழு 1999 இல் அறிவித்தது. 1980களின் தொடக்கத்தில் இராணுவம் மலைக் கிராமங்களை எரித்தபோது, ஊர் தெரிந்துவிடும் என்று அஞ்சிப் பல பெண்கள் தம் உடையைக் கழற்றி மறைத்தார்கள்.

உடையை மறைத்தார்கள்; நெசவை மறக்கவில்லை. போர் ஓய்ந்தபின் மகள்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தங்கள் பூவேலைகளை வியாபாரிகள் இயந்திரத்தில் பிரதிசெய்து விற்பதைக் கண்டு, 2016 இல் நெசவுப் பெண்கள் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தையே நாடினார்கள். உம்மாமார் விட்டுச்சென்ற சொத்து என்று அவர்கள் உரிமை கேட்டது தங்கத்தையல்ல, கைவேலையை!

சகோதரிகளே, மாயாக் கோபுரங்களின் படத்தை இனி எங்காவது கண்டால், அவற்றைக் கட்டிய அரசர்களோடு நின்றுவிடாதீர்கள். விடியுமுன் சோளம் கழுவும் அந்தத் தாயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.