அட்டையின் நாணயம்

நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. பையில் குலுங்கும் காசும் நாணயம். வாக்குத் தவறாத குணமும் நாணயம். முதல் நாணயம் கையில் இல்லாதவர்கூட, இரண்டாவது நாணயம் உள்ளவர் என்று பெயர் எடுத்திருந்தால், தெருக்கோடிக் கடையில் சாமான் வாங்கிவிடலாம். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக் கொள்வார். மாதம் பிறந்ததும் பாக்கி தீரும். ஆனால் இதெல்லாம் முகம் தெரிந்த இடத்தில் நடக்கிற காரியம். கடல் கடந்த ஊரிலே, நம்மை ஒருநாளும் கண்டிராத வியாபாரி ஒருவர், நாம் நீட்டும் சின்னஞ்சிறு அட்டையைப் பார்த்துவிட்டுச் சரக்கைக் கட்டிக் கொடுக்கிறாரே, அவர் யாருடைய நாணயத்தை நம்பிக் கொடுக்கிறார்? இதற்கு விடை வேண்டுமானால் 'விஸா' என்னும் ஸ்தாபனத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

கதை அமெரிக்காவில், காலிபோர்னியாவைச் சேர்ந்த பிரெஸ்னோ என்ற நகரத்தில் ஆரம்பமாகிறது. அந்த ஊர்க் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதி, 'பாங்க் ஆப் அமெரிக்கா'வின் வாடிக்கைக்காரர்கள். 1958-ம் வருஷம் செப்டம்பர் மாதம், அந்தப் பாங்கி சுமார் 60,000 கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. ஒருவரும் விண்ணப்பம் போடவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. அட்டை வைத்திருப்பவர்கள் ஏராளமாக இருந்தாலன்றிக் கடைக்காரர்கள் அதை ஏற்க மாட்டார்கள். கடைக்காரர்கள் ஏற்றாலன்றி ஜனங்கள் அதை விரும்ப மாட்டார்கள். விதை முந்தியா, மரம் முந்தியா என்ற இந்தச் சிக்கலைத் தீர்க்க, ஒரே நாளில் ஊர் முழுவதும் விதையைத் தூவிவிட்டார்கள்.

விளைந்தது என்னவோ முதலில் களைதான். ஓராண்டுக்குள் மாகாணம் முழுவதும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகள் பரவின. நூற்றுக்கு நாலு பேர் பணம் கட்டத் தவறுவார்கள் என்று பாங்கி கணக்குப் போட்டிருந்தது. தவறியவர்களோ நூற்றுக்கு இருபத்திரண்டு பேர். தபால் பெட்டிகளிலிருந்து அட்டைகள் களவு போயின. திட்டத்தை வகுத்த ஜோசப் வில்லியம்ஸ் பாங்கியை விட்டு விலகினார். கேளாமல் அட்டை அனுப்புவதை 1970-ல் அமெரிக்கச் சட்டமே தடுத்துவிட்டது. இருந்தாலும் பாங்கி பின்வாங்கவில்லை. கணக்குகளை ஒழுங்கு செய்தது. சில வருஷங்களில் லாபமும் கண்டது. 1966 முதல் மற்ற ஊர்ப் பாங்கிகளுக்கும் அந்த அட்டையை வழங்க உரிமை கொடுத்தது. அதே வருஷத்தில் போட்டிப் பாங்கிகள் சில ஒன்றுகூடி வேறோர் அட்டைச் சங்கத்தை அமைத்தன. பிற்காலத்தில் 'மாஸ்டர்கார்டு' ஆனது அதுதான்.

பாங்கிகள் பலவானதும் புதுத் தொல்லை பிறந்தது. ஒரு பாங்கியின் அட்டைக்கு, வேறொரு பாங்கியின் வாடிக்கையான கடைக்காரர் சரக்குக் கொடுத்தார். அதற்கான காகிதச் சீட்டுகள் ஊர் ஊராகத் தபாலில் அலைந்தன. பெரிய தொகையானால் கடைக்காரர் தம் பாங்கிக்கு டெலிபோன் செய்வார். அந்தப் பாங்கி அட்டைக்காரரின் பாங்கியைக் கூப்பிடும். வாங்க வந்தவர் கால் கடுக்க நிற்பார். சீட்டுகள் மலையாகக் குவிந்தன. மோசடிக்காரர்களுக்கு நல்ல அறுவடை.

1968-ல் ஓஹையோவிலுள்ள கொலம்பஸ் நகரில் பாங்கிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். கூட்டம் ஒருவரையொருவர் குறை கூறுவதில் கழிந்து கொண்டிருந்தபோது, ஸீயாட்டில் நகரத்துப் பாங்கி ஒன்றின் உத்தியோகஸ்தரான டீ ஹாக் எழுந்து, குறைகளை முறையாக ஆராயக் குழுக்கள் அமைப்போம் என்றார். அதிலிருந்து வளர்ந்த யோசனை விசித்திரமானது. அட்டைத் திட்டத்துக்குப் 'பாங்க் ஆப் அமெரிக்கா' மட்டும் எஜமானாக இருக்கக் கூடாது. அட்டை வழங்கும் பாங்கிகள் எல்லாமே அதற்குக் கூட்டுச் சொந்தக்காரர்கள் ஆக வேண்டும். வாடிக்கைக்காரர்களைப் பிடிப்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டி போடட்டும். ஆனால் பொது விதிகளுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். அங்கத்தினர் உரிமையை யாரும் சந்தையில் விற்கவும் முடியாது. 1970-ல் 'பாங்க் ஆப் அமெரிக்கா' தன் ஆதிக்கத்தை விட்டுக் கொடுக்க, இந்தக் கூட்டு ஸ்தாபனம் உதயமாயிற்று. கையிலிருந்த அதிகாரத்தை ஒரு பெரிய பாங்கி கீழே வைத்தது என்பதைச் சரித்திரத்தில் அடிக்கடி படிக்க முடியாது. அதை வைத்ததனால்தான் மற்றவர்கள் நம்பிச் சேர்ந்தார்கள்.

1973-ல் மின்சாரக் கணக்கு யந்திரங்கள் டெலிபோன் வேலையை எடுத்துக் கொண்டன. கால் கடுக்க நின்றவருக்கு ஒரு நிமிஷத்துக்குள் பதில் கிடைத்தது. 1974-ல் அயல்நாட்டுப் பாங்கிகளுக்கும் சேர்த்து ஒரு சங்கம் ஏற்பட்டது. அயல்நாட்டாருக்கோ அட்டையின் பெயரில் 'அமெரிக்கா' என்றிருப்பது பிடிக்கவில்லை. ஆகவே 1976-ல் எந்தத் தேசத்தாரும் தம்முடையதாகக் கொள்ளக்கூடிய 'விஸா' என்ற பெயரைத் தேர்ந்தார்கள்.

இனி, இது நடக்கிற விதத்தைப் பார்ப்போம். பலர் நினைப்பது போல விஸா நமக்குக் கடன் கொடுப்பதில்லை; அட்டை வழங்குவதுமில்லை; வட்டி விதிப்பதுமில்லை. அவையெல்லாம் பாங்கிகளின் காரியம். விஸா செய்வது மூன்று: விதி வகுப்பது, செய்தியைச் சுமப்பது, பாங்கிகளுக்குள் கணக்குத் தீர்ப்பது. நூறு ரூபாய்க்குச் சரக்கு விற்ற கடைக்காரருக்கு நூறு ரூபாயும் வந்து சேராது. அவருடைய பாங்கி ஒரு கழிவை எடுத்துக் கொள்ளும். அதில் ஒரு பங்கு அட்டை வழங்கிய பாங்கிக்குப் போகும். அந்தப் பங்கின் விகிதத்தை விஸா நிர்ணயிக்கிறது. இரு பாங்கிகளும் விஸாவுக்குக் கட்டணம் செலுத்தும். கடைக்காரர் தரும சத்திரம் நடத்தவில்லை; கழிவைச் சரக்கின் விலையிலேதான் ஏற்றுவார். எனவே அட்டையைக் கண்ணால் பாராமல் ரொக்கம் கொடுப்பவரும் அதைச் சுமக்கிறார்.

பாதை பலருக்கும் பொதுவாக இருந்த வரையில், அதன் சுங்கத்தைப் பற்றிய கேள்வி பாங்கிகளுக்கும் வியாபாரிகளுக்கும் இடையிலான வழக்காக இருந்தது. 2007-ல் ஐரோப்பா நீங்கலாக மற்றக் கிளைகள் ஒரே கம்பெனியாக இணைந்தன. 2008 மார்ச்சில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்து, சுமார் 1,790 கோடி டாலர் திரண்டது. அமெரிக்காவில் அதுவரை அவ்வளவு பெரிய முதல் பங்கு விற்பனை நடந்ததில்லை. ஐரோப்பியக் கிளையையும் 2016-ல் அந்தக் கம்பெனி வாங்கிவிட்டது. பொதுப் பாதைக்கு லாபம் எதிர்பார்க்கும் பங்குதாரர்கள் வந்து சேர்ந்தார்கள். இதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. வியாபாரத்தின் இயல்பு அது. ஆனால் சுங்கச் சாவடிக்கு மேற்பார்வை வேண்டும் என்பதும் இயல்புதான். ஐரோப்பிய யூனியன் 2015-ல் சட்டம் செய்து, ஒரு பாங்கி மற்றொரு பாங்கிக்குக் கொடுக்கும் பங்கை, கடன் அட்டைக்கு நூற்றுக்கு 0.3 என்றும், டெபிட் அட்டைக்கு 0.2 என்றும் கட்டுப்படுத்தியது.

சுங்கத்தை விடப் பெரிய கேள்வி, பாதையை அடைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. 2014-ல் அமெரிக்கத் தடைகளை ஒட்டி ருஷியப் பாங்கிகள் சிலவற்றின் அட்டைகளுக்குச் சேவை நிறுத்தப்பட்டது. ருஷியா உடனே உள்நாட்டுக் கணக்குகளைத் தானே தீர்த்துக் கொள்ள ஏற்பாடு செய்தது. யுக்ரேன் யுத்தம் மூண்டபின், 2022 மார்ச்சில் விஸாவும் மாஸ்டர்கார்டும் ருஷியாவில் தங்கள் தொழிலை நிறுத்தின. ருஷிய அட்டைகள் அயல்நாடுகளில் செல்லாக் காசாயின. உள்நாட்டில் மட்டும் தொடர்ந்து செல்லுபடியாயின. யுத்தத்தின் நியாய அநியாயம் வேறு விஷயம். பாதை யாருடையதோ, கதவின் சாவியும் அவருடையதே என்ற பாடம் எல்லாத் தேசங்களுக்கும் பொது. இந்தியாவில் 2012-லேயே 'ரூபே' அட்டை தொடங்கப்பட்டதன் அருமை இங்கே விளங்கும்.

டீ ஹாக் கண்ட உண்மை ஒன்று உண்டு. அட்டைக்கு மதிப்புத் தருவது அதன் பிளாஸ்டிக் அல்ல, யந்திரமும் அல்ல. போட்டியாளர்கள் கூடி ஒப்புக் கொண்ட விதியும், அந்த விதியை மீறமாட்டார்கள் என்ற நம்பிக்கையுமே மதிப்பைத் தருகின்றன. பலருடைய நம்பிக்கையால் எழுந்த ஸ்தாபனம் எவ்வளவு பெரிதானாலும், அந்தப் பலருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அட்டையை நீட்டும்போது நம்முடைய நாணயத்தை அது விசாரிக்கிறது. அதனுடைய நாணயத்தை விசாரிக்க நமக்கும் உரிமை உண்டு அல்லவா?