ஜாடியைத் தட்டிப் பாருங்கள்!

போன மாதம் எங்கள் திட்டக்குடியில் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் காலி செய்தார்கள். அந்த வீட்டம்மா தவறிப் போய் மூன்று மாதமாகிறது. பிள்ளைகளில் ஒருவர் சென்னை, இன்னொருவர் துபாய். இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார்களாம். சாமான்களைத் திண்ணையில் இறக்கி வைத்து, வேண்டியவர்கள் விலை கொடுத்து எடுத்துக் கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். காயலான் கடைக்காரர் காலை எட்டு மணிக்கே மினி லாரியோடு வந்துவிட்டார். அவருக்கும் முன்னால் போய் நின்றவள் நான்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்!

பழசு என்றால் எனக்கு அப்படி ஒரு பித்து. "இன்னொரு பழைய சாமான் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்பார் என் வீட்டுக்காரர். "நீங்களும் பழசுதானே, இருந்துட்டுப் போங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். ஆனால் இந்தத் தடவை மனசில் கொஞ்சம் பயமும் இருந்தது. அதற்குக் காரணம் என் புத்திதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்போனில் நடக்கும் ஏலத்தில் ஒரு ஜாடி பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாக, உள்பக்கம்கூடப் பூ வரைந்திருந்தது. நூறு வருஷத்துப் பழசு என்று போட்டிருந்தார்கள். அறுநூறு ரூபாயில் ஆரம்பித்து, ராத்திரி பதினொரு மணிக்கு 1,850 ரூபாய்க்கு என் தலையில் வந்து விழுந்தது. வந்ததும் கழுவிக் காயவைத்து எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டேன். அப்போது என் பெண் ஐந்து மாதக் கர்ப்பம். வாய்க்கு எதுவும் பிடிக்காமல், தினமும் தயிர் சாதத்துக்கு அந்த ஊறுகாயைத்தான் தொட்டுக் கொண்டாள். ஒரு மாதம் கழித்து மிச்சத்தை மாற்றிவிட்டுக் கழுவினால், பளபளவென்று இருந்த உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி மங்கிக் கிடக்கிறது. துடைத்த துணியில் பச்சைச் சாயம்!

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரிந்த தம்பி முறைப் பையன் ஒருவன் இருக்கிறான். அந்த ஊர்தான் பீங்கானுக்குப் பேர் போனதாயிற்றே. அரசாங்கத்தின் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியே அங்கே இருக்கிறது. ஜாடியைத் திருப்பிப் பார்த்தவன், "அக்கா, இதுல புளிப்பு வச்சீங்களா?" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். குறைந்த சூட்டில் வேகும் மண் ஜாடிக்கு மேல் பூச்சு உருகிப் படிய, அந்தக் காலத்தில் காரீயத்தைச் சேர்ப்பார்கள். பளிச்சென்ற வர்ணங்களிலும் அது இருக்கும். எலுமிச்சை, புளி, வினிகர் பட்டால் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பண்டத்தில் இறங்கும். ருசியிலும் தெரியாது, வாசனையிலும் தெரியாது. (ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, இது வேறு.) தாய் உடம்பில் சேரும் காரீயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

டாக்டரம்மாவிடம் ஓடினோம். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நான் கண்ணை மூடவில்லை. நல்ல வேளை, பயப்படும்படி இல்லை என்றார்கள். பேத்திக்கு இப்போது ஒன்றரை வயசு, வீட்டையே தலைகீழாக்குகிறாள். அந்த ஜாடி மயிலிறகு செருகி அலமாரி உச்சியில் இருக்கிறது.

சரி, திண்ணைக்கு வருவோம். தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே பூப்போட்ட கோப்பைகள் சில. "தாத்தா காலத்தது" என்றார் மூத்த பிள்ளை. நான் அடியைத் திருப்பினேன். 'மேட் இன் செக்கோஸ்லோவாகியா' என்று இருந்தது. அந்தப் பெயரில் நாடு பிறந்தது 1918-ல், பிரிந்தது 1992 முடிவில். ஆக, அதற்கு நடுவில் செய்தது. 'ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952-க்குள். அடியில் அச்சடித்த நாட்டின் பெயரே பாதி ஜாதகம் சொல்லிவிடும், பார்த்துக் கொள்ளுங்கள்.

பூஜை அறையிலிருந்து ஒரு சின்ன வெண்கல அம்மன். இளையவர் அதைத் துபாய்க்கு எடுத்துப் போவதாகச் சொன்னார். "தம்பி, வயசைத் தெரிஞ்சுக்காம பெட்டியில வைக்காதீங்க" என்றேன். நூறு வருஷம் தாண்டிய சிலை என்றால் 1972-ம் வருஷத்துப் பழம்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டு போகவே கூடாது. ஓலைச்சுவடி என்றால் 75 வருஷமே போதும், அதுவும் பழம்பொருள்தான். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. நான் என்ன செய்ய!

அப்புறம்தான் அதைக் கண்டேன். மாட்டுக் கொட்டகை ஓரத்தில், கல்லுப்போடு, மேலே தவிட்டு நிறம் கீழே வெள்ளையாக இடுப்பளவு ஜாடி. உப்பைக் கொட்டிவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். மணி மாதிரி 'ணங்'கென்றது. விரிசல் இருந்தால் 'தொப்'பென்று செத்த சத்தம்தான் வரும். விரிசலில் பழைய எண்ணெயும் பூஞ்சணமும் உட்கார்ந்துகொண்டு புது ஊறுகாயைக் கெடுக்கும். அடியில் பூச்சில்லாத இடத்தில் தண்ணீர் தொட்டு வைத்தேன். உறிஞ்சவில்லை. நல்ல சூட்டில் வெந்த கெட்டி ஜாடிக்கு அதுதான் அடையாளம். அந்தச் சூட்டுக்குக் காரீயம் தேவைப்படாது என்று தம்பி சொல்லியிருக்கிறான். ஆனாலும் கண்ணால் பார்த்து நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, சந்தேகம் வந்தால் பரிசோதனைக் கூடம்தான் என்றும் சொன்னான்.

"நூத்தம்பது குடுங்க அத்தை" என்றாள் மூத்த மருமகள்.

செல்போன் ஏலத்தில் இதே மாதிரி ஜாடி இரண்டாயிரத்துக்கு மேல் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பணத்தை எடுத்த கை அப்படியே நின்றது. அந்த அம்மா வருஷா வருஷம் மாவடு போட்டு, வேடு கட்டி, எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புவார்கள். இதே ஜாடியிலிருந்துதான். சொல்லாமல் எடுத்துப் போனால் அந்த மாவடு எனக்குத் தொண்டையில் இறங்காது. சொல்லிவிட்டேன். விலையையும் சொன்னேன், மாவடுவையும் சொன்னேன்.

அந்தப் பெண் ஜாடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படின்னா நானே வச்சுக்கறேன் அத்தை. இதுல மாவடு எப்படிப் போடறது?"

போயிற்றே என்று அடிவயிறு எரிந்தது. எரிச்சலோடேயே திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். வெந்நீரில் கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைக்கணும், ஈரம் துளி இருக்கக் கூடாது, ஒரு படி வடுவுக்கு இத்தனை கல்லுப்பு என்று எல்லாம். அவள் செல்போனில் எழுதிக் கொண்டாள்.

எண்பது ரூபாய்க்கு ஒரு மர அஞ்சறைப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தேன். "இவ்வளவுதானா?" என்றார் வீட்டுக்காரர், நம்ப முடியாமல்.