துப்பறியும் சிறுமி எங்கே?

சென்ற ஆண்டு காரைக்குடியில் ஒரு புத்தகக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நம்மவர் குடும்பம் ஒன்று உள்ளே வந்தது. மகனுக்குத் துப்பறியும் கதைநூல் ஒன்றும், மகளுக்குத் தையற்கலை நூல் ஒன்றும் எடுத்தார்கள். தந்தையார் பணம் செலுத்தி முடிப்பதற்குள், அந்தச் சிறுமி தம்பியின் புத்தகத்தை வாங்கி நின்றபடியே சில பக்கங்களைப் படித்துவிட்டாள். "அத்தா, இதுல கண்டுபிடிக்கிறவங்க எல்லாரும் பையன்களாவே இருக்காங்களே, ஏன்?" என்று கேட்டாள். தந்தையார் சிரித்தாரேயன்றி விடை பகரவில்லை. விடை சொல்ல வேண்டியவர் அவரல்லர். எழுதுகோல் பிடித்திருக்கும் நாம்!

அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட மண் எத்தகைய மண்? குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும், துப்பறியும் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் பிறந்த தேவகோட்டையும் செட்டிநாட்டு ஊர்களே. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர் வள்ளியப்பா. அதே ஆண்டில்தான் கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதத் தொடங்கினார். குழந்தை இலக்கியம் உண்டு. துப்பறியும் கதை உண்டு. சரித்திரக் கதைக்கோ பஞ்சமே இல்லை. ஆயினும் இம்மூன்றும் கூடிய கதை, அதாவது முற்காலத்துச் சிறுமி ஒருத்தி தன் அறிவால் ஒரு மர்மத்தை அவிழ்க்கும் கதை எது என்று கேட்டால், நம் இல்லங்களில் ஒரு பெயரேனும் நாவில் வருகிறதா?

பிறர் வாளாவிருக்கவில்லை. அமெரிக்கச் சிறுமியருக்கு 1930லேயே நான்சி ட்ரூ கிடைத்தாள். வங்காளத்தில் பிரபாவதி தேவி சரஸ்வதி, கிருஷ்ணா என்னும் துப்பறியும் பெண்ணைப் படைத்தார். 2006இல் நான்சி ஸ்பிரிங்கர், ஷெர்லாக் ஹோம்ஸுக்கு எனோலா என்றொரு பதினான்கு வயதுத் தங்கையைக் கற்பித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் உலவவிட்டார். வங்கத்தில் முடிந்தது தமிழில் முடியாதா?

"அக்காலத்துப் பெண்பிள்ளை வாசற்படி தாண்டினாளா? அவள் எப்படித் துப்பறிவாள்?" என்பார்கள். வீட்டின் அமைப்பை அறியாதார் கேள்வி இது. செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் ஆண்கள் பேசியது பாதிச் செய்தி. வளவிலும் இரண்டாங்கட்டிலும் பெண்கள் பேசியதே மீதிச் செய்தி. அந்த மீதியைக் கேட்கும் வாய்ப்பு எந்தத் துப்பறிவாளனுக்கு உண்டு? சிறுமிக்கு உண்டு. அவள் எதிரில் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அவளை ஒரு பொருட்டாக எண்ணினால்தானே தாழ்த்துவார்கள்!

கதைப்பொருளுக்கும் குறைவில்லை. 1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் உதவி பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். தாய்க்கு 2008இல் அஞ்சல்தலை வெளியிட்டார்கள். அந்த எட்டாண்டுகளில் மகள் என்ன கண்டாள், எந்தத் தூதரை ஐயுற்றாள் என்று கற்பனை செய்ய யார் முன்வந்தார்?

இன்னும் அண்மைக்கு வாருங்கள். 1941 டிசம்பரில் இரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மாதங்களில் நம் மக்கள் கூட்டங்கூட்டமாகக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். செட்டியார்களின் லேவாதேவிக் கடைகளும் நம்மவர் கடைகளும் ஒருசேர மூடப்பட்டன. வந்து சேர்ந்தவர் எத்தனை பேர்? வழியில் மாண்டவர் எத்தனை பேர்? பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் ஒரு வீட்டில், முடிவு பெறாத கணக்கேடு ஒன்று ஒரு சிறுமியின் கையில் கிடைத்தால், அதைவிடப் பெரிய மர்மம் வேண்டுமா?

"துப்பறியும் கதை பிள்ளைகளைக் கெடுக்கும்" என்பது அடுத்த தடை. கொலையையும் குருதியையும் கொட்டி எழுதினால் கெடுக்கத்தான் செய்யும். நல்ல துப்பறியும் கதையோ வதந்தியை நம்பாதே, சான்று கேள், மெய்ப்பிக்கும் முன் எவர் மீதும் பழி சுமத்தாதே என்று கற்பிக்கிறது. இந்த ஒழுக்கம் ஆண்பிள்ளைக்கு மட்டும் போதுமா?

கசப்பான உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்துப் பார்க்காத விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டுத் தம் வாரிசுப் பங்கை இழந்த சகோதரியர் நம்மிடையே எத்தனை பேர்! "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்க அவர்களுக்கு நா எழவில்லை. பத்து வயதில் கேள்வி கேட்கக் கூசியவள் நாற்பது வயதில் அண்ணன் முன்னே எப்படிக் கேட்பாள்? துப்பறியும் சிறுமியைப் படித்து வளர்ந்தவள் கேட்பாள். இதற்காகவே சிலர் அவளை விரும்பவில்லையோ என்றுகூட ஐயம் எழுகிறது.

ஒரு நிபந்தனையும் உண்டு. சரித்திரத்தைத் திரித்து எழுதலாகாது. குயிலியின் தியாகம் பெரிதும் செவிவழியாகவே நம்மிடம் வந்தது. அதைக் கல்வெட்டுச் செய்திபோல் எழுதிவிடாமல், "இதை யார் சொன்னார்? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கதைச் சிறுமியையே கேட்க விடுங்கள். எது வரலாறு, எது கற்பனை என்று நூலின் இறுதியில் ஒரு பக்கம் எழுதுங்கள். குழந்தையை ஏமாற்றாத நூலே குழந்தை நூல்.

நமக்கு முன்மாதிரி இல்லையென்றும் சொல்வதற்கில்லை. 1938லேயே நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். உ. வே. சாமிநாதையரே அதைப் பாராட்டி எழுதினார். அன்று ஒரு பெண்மணிக்கு இருந்த துணிவு இன்று நமக்கு ஏன் இல்லை?

எழுத்தாளர்களே, எழுதுங்கள். பதிப்பாளர்களே, அச்சிடுங்கள். பெற்றோர்களே, மகளுக்குத் தையல் நூலும் வாங்குங்கள். வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு விடையாக இன்னொரு நூலும் அவள் கையில் இருக்கட்டும். தம்பியின் புத்தகத்தை நின்றபடியே படித்துத் திருப்பிக் கொடுக்கும் நிலை அவளுக்கு இனியும் வேண்டாம்.